தேர் ஏன் நகரவில்லை?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

சென்ற பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் காலை, மயிலைக் கபாலீசுவரர் கோயில் தேரின் வடத்தை நானும் பிடித்தேன். “கபாலி! கபாலி!” என்ற முழக்கம் எழுந்தது. எனக்கு முன்னே நூறு பேர். பின்னே நூறு பேர். வடம் விறைத்தது. இழுத்தவர்கள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தேர் நகரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இழுத்தோம். அப்போதும் நகரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி, “சுவாமிக்கு இன்னும் மனசு வரலை” என்றார். மூன்றாம் முறை எங்கோ மரம் முனகுவது போல ஒரு ஒலி கேட்டது. அடுத்த நொடி, கட்டு அவிழ்ந்தது போலத் தேர் புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட பின் முதலில் இழுத்த அளவுக்கு இழுக்க வேண்டிய தேவையே இல்லை. வடம் கையில் தளர்வாகவே இருந்தது.

பாட்டி சொன்னதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் இயற்பியல் படிக்கும் எனக்கு அந்த இரண்டு தோல்விகளும் ஒரு பழைய காயத்தைக் கிளறிவிட்டன. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மாதிரித் தேர்வில் ஒரு கணக்கில் எனக்குச் சுழி விழுந்திருந்தது. கணக்கு இதுதான்: தரையில் 40 கிலோ நிறையுள்ள ஒரு பெட்டி இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.5. பெட்டியை 100 நியூட்டன் விசையுடன் கிடைமட்டமாக இழுக்கிறோம். உராய்வு விசை எவ்வளவு? நான் சற்றும் யோசிக்காமல் குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் பெருக்கி 200 நியூட்டன் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “அப்படியானால் பெட்டி பின்னோக்கி ஓடுமா?”

முன்னே 100, பின்னே 200 என்றால் பெட்டி பின்னோக்கித்தானே போக வேண்டும்! இழுக்க இழுக்கப் பின்வாங்கும் பெட்டியை யாரும் பார்த்ததில்லை. சரியான விடை 100 நியூட்டன். நாம் 100 நியூட்டன் கொடுத்தால் தரையும் 100 கொடுக்கிறது. 150 கொடுத்தால் 150. நாம் கையை எடுத்துவிட்டால் அதுவும் கையை எடுத்துவிடுகிறது. நான் எழுதிய 200 என்பது அது கொடுக்கக்கூடிய மிக அதிக அளவு மட்டுமே. இதற்கு எல்லை உராய்வு என்று பெயர். நம் தெரு மளிகைக் கடைக்காரர் கேட்ட அளவுக்கே கடன் கொடுப்பார். ஓர் எல்லை தாண்டினால் நோட்டை மூடிவிடுவார். நிலை உராய்வும் ஏறக்குறைய அப்படித்தான். எல்லை தாண்டிப் பெட்டி நழுவத் தொடங்கிவிட்டால் உராய்வு சற்றுக் குறைந்து, இயக்க உராய்வு என்னும் வேறொரு மதிப்பில் நிற்கிறது. ஓடுகிற பொருளை ஓட வைப்பது, நிற்கிற பொருளைக் கிளப்புவதைவிட எளிது என்பதை கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே தெமிஸ்டியஸ் என்னும் அறிஞர் குறித்திருக்கிறார். இவ்விரண்டையும் கணித முறையில் பிரித்துக் காட்டியவர் 18-ஆம் நூற்றாண்டின் ஆய்லர்.

ஆகவே, அன்று தேர் நகராத இரண்டு முறையும் எங்கள் இழுவிசை வீணாகிவிடவில்லை. நாங்கள் இழுத்த அளவுக்குச் சரியாக எதிர்விசை எழுந்து நின்றது. அந்த எல்லையை நாங்கள் தாண்டவில்லை, அவ்வளவே. நூறு பேர் தனித்தனியாக நூறு முறை இழுத்தாலும் அதைத் தாண்ட முடியாது. எல்லோருடைய விசையும் ஒரே கணத்தில் கூட வேண்டும். முழக்கமும் மேளமும் அந்தக் கணத்தை எல்லோருக்கும் ஒன்றாக்கித் தருகின்றன.

சரி, அந்த எல்லையைத் தீர்மானிப்பது எது? பள்ளிப் பாடத்தில் மூன்று விதிகள் படித்தோம். எல்லை உராய்வு, பொருளை அழுத்தும் செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. பரப்புகளின் தன்மையைப் பொறுத்தது. இவற்றுள் இரண்டாம் விதியை நான் உள்ளூர நம்பியதேயில்லை. செங்கல்லைப் படுக்க வைத்தாலும் குத்திட்டு நிறுத்தினாலும் இழுக்க ஒரே விசைதான் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆகவே நம் ஆய்வுக்கூடத்தில் மரக்கட்டையையும் கப்பியையும் எடைத்தட்டையும் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டேன். அகலப் பக்கம் கீழே இருந்தபோது குணகம் 0.38 வந்தது, குறுகிய பக்கத்துக்கு 0.37. விதி வென்றது. இதையே லியனார்டோ டா வின்சி கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை அச்சேறாமல் கிடந்தன. பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699-இல் மறுபடியும் கண்டுபிடித்துச் சொன்னபோது, அங்கிருந்த அறிஞர்களே இரண்டாம் விதியை ஐயுற்றனர் என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

இதற்கு விளக்கம் கிடைக்க 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்னும் இருவர் காட்டியது இது: நம் கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு பரப்பும் மலைத்தொடர் போன்றது. ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் வைத்தால் சில சிகரங்கள் மட்டுமே தொடும். அந்தச் சிகரங்கள் சுமையைத் தாங்க முடியாமல் நசுங்கி, தாங்கும் அளவுக்குப் பரந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மென்னெஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் நியூட்டனுக்கு மேல் தாங்கக்கூடியது. 10 கிலோ இரும்புக் கட்டியின் எடை சுமார் 100 நியூட்டன். ஆகவே இரும்புத் தகட்டின் மேல் அந்தக் கட்டி உண்மையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பெல்லாம் சேர்த்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்! கட்டியைப் புரட்டிப் போட்டாலும் எடை மாறாததால் இந்த உண்மைப் பரப்பும் மாறுவதில்லை. சுமையை இரட்டித்தால் இந்தப் பரப்பும் இரட்டிக்கிறது. முதல் விதியும் இரண்டாம் விதியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது இப்போது விளங்கும்.

வழவழப்பாக்கினால் உராய்வு எப்போதும் குறையும் என்ற நம்பிக்கையும் இங்கே ஆட்டங்காண்கிறது. சொரசொரப்பை ஓரளவு நீக்கினால் குறையும் என்பது உண்மை. ஆனால் காற்றில்லா வெளியில் மிகத் தூய்மையான இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றோடொன்று வைத்து அழுத்தினால் அவை ஒட்டியே போய்விடுவதுண்டு. நம் உலகில் பொருள்கள் சுலபமாக நழுவுவது, அவற்றின் மேல் படிந்திருக்கும் அழுக்கு, எண்ணெய்ப் பசை, ஆக்சைடுப் படலம் ஆகியவற்றின் புண்ணியத்தால்தான்.

ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று மாலை கட்டையின் மேல் 2 கிலோ எடையை வைத்தபடியே மறந்து போய்விட்டேன். மறுநாள் காலை அப்படியே தட்டில் எடையைக் கூட்டிப் பார்த்தால் குணகம் 0.44 வந்தது! மறுபடியும் உடனே செய்தால் 0.38. உடன் படிக்கும் நண்பன், “0.44-ஐ அடித்துவிட்டு எல்லாவற்றையும் 0.38 என்றே எழுது, ரெக்கார்டு நோட்டுக்கு அதுதான் அழகு” என்றான். அவன் சொன்னதில் அனுபவம் இருந்தது. நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் அங்கே வந்த பேராசிரியர் எட்டிப் பார்த்து, “எந்த எண்ணை அடிக்கப் போகிறாய்?” என்று கேட்டார். காட்டினேன். “அதை மட்டும் அடிக்காதே. அது கூலோம் பார்த்த எண்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூலகத்தில் தேடிய பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. மின்னியலில் நாம் அறிந்த அதே கூலோம்தான். பிரெஞ்சுப் படையில் பொறியாளராக இருந்தவர். ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் துறையில் உராய்வுச் சோதனைகள் செய்தார். 1781-இல் பரிசு பெற்று 1785-இல் அச்சான அவருடைய ஆய்வில், மரத்தின் மேல் மரம் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறதோ அதற்கேற்ப அதைக் கிளப்பத் தேவைப்படும் விசை கூடுகிறது என்று அளந்து காட்டினார். கிடக்கக் கிடக்கச் சிகரங்கள் மெல்ல மெல்ல மேலும் நசுங்கி உண்மைப் பரப்பு கூடுகிறது. தொடும் இடங்களில் அணுக்களுக்கிடையே பிணைப்புகளும் வலுக்கின்றன. ஆனால் இந்த வளர்ச்சி வரவர மந்தமாகிறது. முதல் பத்து நொடியில் கூடிய அளவு மறுபடியும் கூட நூறு நொடியும், அதற்கும் அடுத்த அளவு கூட ஆயிரம் நொடியும் ஆகும். என் 0.44-இல் இரவின் ஈரக் காற்றுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். மரம் ஈரத்தை உறிஞ்சும் பொருள், சென்னையோ கடலோரம்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. 2004-இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஃபைன்பெர்க் குழுவினர், இரண்டு ஒளிபுகும் கட்டிகள் தொடும் இடத்தை வேகமான படக்கருவியால் படம் பிடித்தனர். கட்டி முழுதும் ஒரே சமயத்தில் விடுபடுவதில்லை. ஓர் ஓரத்தில் தொடங்கிய விடுபடல் அலை போலப் பரப்பு முழுதும் ஓடி முடிந்த பிறகே கட்டி நகர்கிறது என்று கண்டனர். ஈரத் துணியை ஓர் ஓரத்திலிருந்து உரிப்பது போல. நிலநடுக்கத்தில் பாறைப் பிளவு நழுவுவதும் இந்த வகைதான் என்கிறார்கள்.

இனி, மாட வீதிக்குத் திரும்புவோம். தேரில் நிலை உராய்வு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சக்கரம். கணக்குக்காகத் தேரின் எடை 50 டன், அதாவது சுமார் 5 லட்சம் நியூட்டன் என்று கொள்வோம். சக்கரமே இல்லாமல் இதைத் தெருவில் இழுப்பதானால், குணகம் 0.5 என்றால் 2.5 லட்சம் நியூட்டன் வேண்டும். ஓர் ஆள் 250 நியூட்டன் இழுப்பார் என்றால் ஆயிரம் பேர்! சக்கரம் என்ன செய்கிறது? உரசும் இடத்தைத் தெருவிலிருந்து எடுத்து அச்சுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அச்சின் ஆரம் சக்கரத்தின் ஆரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்றால், தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் குறைகிறது. மசகு தடவிய அச்சில் குணகம் 0.15 இருந்தால் இருபது பேர் போதும். தெருவில் உருளும்போது தாரும் சக்கரமும் சற்று நசுங்குவதால் வரும் தடைக்கு இன்னும் ஒரு நாற்பது பேர். ஆயிரம் எங்கே, அறுபது எங்கே! ஆனால் இது ஓடும் தேருக்கான கணக்கு. நின்றுகொண்டிருந்த தேரில் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த மசகு பிதுங்கி வெளியே போயிருக்கும். பரப்போடு பரப்பு நேராகத் தொட்டுக் கிடக்கும். அங்கே 0.15 என்ற பேச்சே இல்லை. அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகிவிடும். பங்குனி வெயிலில் இளகிய தாரில் சக்கரம் வேறு சற்று அமிழ்ந்திருக்கும். அந்தக் குழியிலிருந்து ஏறுவதை உராய்வு என்று சொல்வது சரியன்று. அது சிறு மேடு ஏறுவது. பின்சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தடிகளைக் கொடுத்து நெம்புகிறார்களே, அவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வெல்ல உதவுகிறார்கள்.

இரண்டாவது இடம், இழுப்பவரின் பாதம். இங்கேதான் எனக்கு உண்மையான திகைப்பு ஏற்பட்டது. தேரையும் வடத்தையும் இழுக்கும் மக்களையும் சேர்த்து ஒரே அமைப்பாக எண்ணிப் பாருங்கள். வடத்தின் இழுவிசை அந்த அமைப்புக்கு உள்ளேயே இருக்கும் விசை. உள்விசையால் எந்த அமைப்பும் தானாகப் புறப்படாது என்பது நியூட்டன் விதி. அப்படியானால் இந்த மொத்தக் கூட்டத்தையும் தேரையும் முன்னோக்கித் தள்ளுவது எது? தெரு! நாம் பாதத்தால் தெருவைப் பின்னோக்கி உதைக்கிறோம். தெரு நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முழுவதும் நிலை உராய்வு. தேரை நிறுத்தி வைத்ததும் நிலை உராய்வு. கிளப்பியதும் நிலை உராய்வு. மாட வீதி கண்ணாடியாக இருந்தால், தேர் நம்மிடம் வராது. நாம்தான் வடத்தோடு தேரிடம் போய்ச் சேர்வோம்.

இதனால் ஒருவர் இழுக்கக்கூடிய விசைக்கு அவருடைய தசை வலிமை மட்டும் எல்லையன்று. 60 கிலோ எடையுள்ளவரின் பாதத்துக்கும் தெருவுக்கும் குணகம் 0.6 என்றால் 360 நியூட்டனுக்கு மேல் அவரால் இழுக்கவே முடியாது, கால் வழுக்கிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் கனமானவர்களைச் சேர்ப்பதன் இரகசியம் இதுவே.

வெறுங்காலுக்குக் கூலோம் விதிகள் அப்படியே பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோல் மென்மையானது, தெருவின் மேடு பள்ளங்களுக்குத் தக்கபடி வளைந்து கொடுத்து நிறைய இடத்தில் தொடும். ஈரம் இதை மேலும் மாற்றுகிறது. சற்றே ஈரமான தோல், காய்ந்த தோலைவிட நன்றாகப் பிடிக்கிறது. ரூபாய் நோட்டு எண்ணுபவர் விரலை நனைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் நீர் ஒரு படலமாகத் தேங்கிவிட்டால் பிடி போய்விடும். தேரன்று பக்தர்களின் கால் சுடாமலிருக்கத் தெருவில் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்த இடத்தில் நன்றாக ஊன்றி இழுத்த நான், நீர்மோர் கொட்டிக் கிடந்த இடத்தில் முழங்காலில் விழுந்தேன். ஒரே கால், ஒரே தெரு, பத்தடி தூரம்!

விழுந்ததைப் பற்றிப் பேசும்போது அடையாறு திரு.வி.க. பாலத்தில் விழுந்ததையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோடை முடிந்து பெய்த முதல் மழை. தெருவில் பல நாளாகப் படிந்திருந்த தூசியும் எண்ணெயும் நீரில் குழைந்து கூழாகியிருந்தன. முன்னே போன ஆட்டோ சட்டென்று நிற்க, நான் ஸ்கூட்டரின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். உருளும் டயரின் அடிப்பகுதி தெருவைத் தொடும் கணத்தில் அசையாமல்தான் இருக்கிறது; எனவே அங்கே வேலை செய்வது நிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கியதும் அது இயக்க உராய்வாகிவிடுகிறது. பிடி குறைவதோடு, வண்டியைத் திருப்பும் ஆற்றலும் கைவிட்டுப் போகிறது. சக்கரம் பூட்டப் போகும் தருணத்தில் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி பிடிக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. என் ஸ்கூட்டர் அந்த வகையில் சேராது. தையல் மூன்று.

மூன்றாவது இடம் பலர் எண்ணிப் பாராதது: வடம். தேர் வடம் தென்னை நாரால் திரிப்பது வழக்கம். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி இதற்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு தென்னை நார் என்ன நீளம் இருக்கும்? ஒரு சாண், மிஞ்சினால் சற்று அதிகம். பசையில்லை, முடிச்சில்லை. சாண் நீள நார்கள் எப்படி நீண்ட வடமாகி, அத்தனை பேர் இழுத்தும் பிரியாமல் நிற்கின்றன? இந்தக் கேள்வியைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலிலேயே எழுப்பியிருக்கிறார். விடை முறுக்கில் இருக்கிறது. முறுக்கிய கயிற்றை இழுத்தால் சுற்றிக்கொண்டிருக்கும் நார்கள் உள்நோக்கி நெருக்குகின்றன. நெருக்கும் விசை கூடினால் நார்களுக்கிடையே எல்லை உராய்வும் கூடுகிறது. ஆகவே எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக அவை ஒன்றையொன்று பற்றுகின்றன. நாம் ஒரு நாரைக்கூட உருவ முடியாது. அதற்கு முன் நார் அறுந்துவிடும். முறுக்கைப் பிரித்துவிட்டால் குழந்தையும் கையால் பிய்த்துவிடும்.

பருத்தி நூலின் கதையும் இதுவே. தியாகராய நகருக்கு என் தாயாருடன் புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் கடைக்கு வெளியே நிற்பது என் வழக்கம். இப்போது உள்ளே போய் இரண்டு துணிகளையும் தொட்டுப் பார்க்கிறேன். பட்டு இழை நீளமானது, வழவழப்பானது. பருத்தி நூலோ குறுகிய இழைகளை முறுக்கியது, இழை முனைகள் துருத்திக்கொண்டிருப்பது. நூல் புடவை தோளில் சொன்னபடி நிற்க, பட்டுப் புடவைக்கு ஊக்கு தேவைப்படுவது இதனால்தான். நான் இதைச் சொன்னபோது அம்மா, “இதைக் கண்டுபிடிக்கத்தான் காலேஜுக்குப் போறியா?” என்றார்கள்.

நான்காவது இடம் முட்டுக்கட்டை. உயிரோடு தொடர்புடையது என்பதால் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் தம் சொந்த ஊர்க் கோயிலில் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு முறை அங்கே கட்டை தெறித்து வெளியே பறந்ததாம். “என் காதோரமா போச்சு தம்பி. காத்து அடிச்சதுதான் தெரிஞ்சது” என்று சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டினார். “ஏன் தாத்தா தெறிச்சது?” என்று கேட்டேன். “ஒசரமான கட்டையைக் கொடுத்துட்டான் ஒருத்தன். ஒசரம் இருந்தா நல்லா நிறுத்தும்னு நெனச்சான்” என்றார்.

அவர் அனுபவத்தில் கண்டதைத் தாளில் கண்டு மகிழ்ந்தேன். ஆப்பு வடிவக் கட்டையின் சாய்ந்த முகத்தைச் சக்கரம் அழுத்துகிறது. அடிமுகம் தெருவை அழுத்துகிறது. இரண்டு முகத்திலும் ஒரே குணகம் என்றால், சக்கரம் தொடும் இடத்தின் சாய்கோணம் உராய்வுக் கோணத்தைப் போல் இருமடங்குக்குள் இருக்கும் வரையே கட்டை நிற்கும். மீறினால் ஈரக் கைக்குள் அழுத்திய சோப்பு போலப் பிதுங்கித் தெறிக்கும். சக்கரத்தின் ஆரம் 1 மீட்டர் என்போம். 10 செ.மீ. உயரத்தில் தொடும் கட்டைக்குச் சாய்கோணம் சுமார் 26 பாகை. தேவையான குணகம் 0.23. அதுவே 20 செ.மீ. உயரம் என்றால் 37 பாகை, தேவை 0.33. காய்ந்த தெருவில் இது கிடைக்கும். தண்ணீர் தெளித்த தெருவில், மசகு சிந்திய சக்கரத்தில்?

அதற்காக மிகத் தாழ்ந்த கட்டையும் ஆகாது. நாம் நடக்கும் வேகம் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர். அந்த வேகத்தில் வரும் தேரின் இயக்க ஆற்றல், முழுத் தேரையும் 10 செ.மீ. தூக்கப் போதுமானது! தாழ்ந்த கட்டையின் மேல் சக்கரம் ஏறி இறங்கிப் போய்விடும். உயர்ந்தது தெறிக்கும், தாழ்ந்தது நிறுத்தாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு இடத்தில், ஓடும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, கண்ணால் அளந்து கட்டையைக் கொடுப்பவர் கோணமானி வைத்திருப்பதில்லை. பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: இழைப்புளி போட்டு வழவழப்பாக்கிய கட்டையை அவர் கையால் தொடமாட்டாராம். கோடரி வெட்டு அப்படியே தெரிய வேண்டும். தெருக்கல் அதில் கடித்துக்கொள்ள வேண்டும். சிகரங்கள் நசுங்கும் நுண்ணிய கதைக்கு மேலே, கல்லும் மரமும் கடித்துக்கொள்ளும் பருமனான கதையும் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முட்டுக்கட்டையைக் கொண்டே தேரைத் திருப்பவும் செய்கிறார்கள். தெருமுனையில் ஒரு பக்கச் சக்கரத்தைத் தடுத்து மறுபக்கத்தை ஓட விடுவது. சுமார் 300 டன் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு இது மட்டும் போதாது. திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களும் நீரியல் பிரேக்கும் உள்ள தேர் அது. அங்கே தெருமுனைகளில் பெரிய இரும்புத் தகடுகளை விரித்து, மசகைத் தாராளமாகத் தடவி, அதன் மேல் சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்க விடுகிறார்கள். பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. சக்கரத்தின் அடியில் உராய்வைக் குறைக்கிறார்கள். அதே நேரத்தில், அதே தெருவில், இழுப்பவர் காலடியில் அது குறையாமல் இருக்க வேண்டும். மசகு நான்கடி தள்ளிச் சிந்தினால் என்ன ஆகும் என்பதை நீர்மோரில் விழுந்தவன் நன்கு அறிவேன்.

அன்று நான்கு மாட வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தார்கள். வடத்தைச் சுருட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் சற்று நேரம் அங்கே நின்றேன். தெரு மட்டமாக இருந்தது, யாரும் இழுக்கவில்லை. அப்போது அந்தச் சக்கரங்களின் அடியில் உராய்வு விசை எவ்வளவு என்று தேர்வில் கேட்டால் எழுத வேண்டிய விடை எனக்குத் தெரியும்: சுழி. இந்த முறை அது என் மதிப்பெண் அன்று.